மலை ஏறினால் ஏன் குளிர்கிறது?

காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேற்பரப்பை அடைகிறது. நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியில் வியர்வையோடு பேருந்தில் ஏறியவர், செம்மேட்டில் இறங்கும்போது குளிர்காற்றை உணர்வார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்த அம்மலையில் வாழும் மாணவர்க்கு இக்குளிர் அன்றாட அனுபவம். எனினும், 'உயரே செல்லச் செல்லக் கதிரவனை நெருங்குகிறோம். அவ்வாறாயின் வெப்பம் கூட வேண்டுமன்றோ?' என்று வினவினால், மலையில் வாழ்வோரும் சமவெளியில் வாழ்வோரும் ஒன்றுபோலவே தயங்குவர்.

நெருப்பை நெருங்கினால் சுடும் என்பது அடுப்பங்கரையில் குழந்தை கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. அப்பாடம் பொய்யன்று. அதனை அளவு நோக்காமல் விண்வெளிக்கும் நீட்டிப்பதில்தான் இடர் தோன்றுகிறது. கதிரவன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கொல்லிமலையின் உயரமோ ஒன்றேகால் கிலோமீட்டர். இந்நெருக்கம் கணக்கில் கொள்ளத்தக்கதே அன்று. கதிரொளி முதலில் நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம் தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. அக்காற்று மேலெழும்போது அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்கிறது. எனவே, ஒரு கிலோமீட்டர் உயரத்திற்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பநிலை குறைகிறது.

இவ்விளக்கத்தை மனப்பாடம் செய்து எழுதுவது கடினமன்று. எழுதிய பின்னரும் பழைய எண்ணம் உள்ளத்தில் அப்படியே தங்கிவிடுவதுதான் வியப்பு. 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆவணப்படம் இதனை உலகறியச் செய்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில், பட்டம் பெற்றோர், பேராசிரியர் முதலான 23 பேரிடம் பருவகாலங்கள் ஏன் தோன்றுகின்றன, நிலவின் பிறைகள் ஏன் தோன்றுகின்றன என்பன போன்ற வினாக்கள் எழுப்பப்பட்டன. அவர்களுள் 21 பேரின் விடைகள் பிழையுடையனவாக இருந்தன. புவி கதிரவனை நெருங்கும்போது கோடை வருகிறது என்பது பலரும் உறுதியோடு கூறிய விளக்கம். உண்மையில் புவி கதிரவனுக்கு மிக அருகில் இருப்பது சனவரித் தொடக்கத்தில். நம் நாட்டில் மார்கழிப் பனி பெய்யும் வேளையில்.

மாணவர் வகுப்பறைக்குள் வெற்றுப் பலகையாக நுழைவதில்லை என்பதே இத்துறை ஆய்வுகள் பலவற்றின் தொடக்கப்புள்ளி. ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வு, புவி உருண்டை என்று கேட்ட குழந்தைகள் அதனை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்று ஆராய்ந்தது. சிலர் உருண்டையின் உட்புறத்தில், தட்டையான தரையின்மேல் மனிதர் வாழ்வதாகக் கருதினர். கண்ணால் காணும் தட்டை நிலத்தையும் ஆசிரியர் கூறிய உருண்டையையும் இணைக்கக் குழந்தையே அமைத்துக்கொண்ட பாலம் அது! 1996இல் ஐதராபாத்துக் குழந்தைகளிடம் நிகழ்ந்த இதனையொத்த ஆய்வில், புவியை நீர் தாங்கி நிற்பதாகப் பலர் கூறினர். வீட்டில் கேட்ட பழங்கதைகளின் சாயல் அவ்விடைகளில் தெரிந்தது. பிழையான விடையிலும் சிந்தனை உண்டு. அதனைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது எளிது, கேட்டறிவது கடினம்.

பழைய கருத்து எப்போது இடம் பெயரும்? கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போஸ்னரும் உடன் ஆய்வாளரும் 1982இல் இதற்கு விடை கூறினர். தன் கருத்தின் போதாமையை மாணவரே உணர வேண்டும்; புதிய கருத்து விளங்குவதாகவும், நம்பத்தக்கதாகவும், மேலும் பல வினாக்களுக்குப் பயன்படுவதாகவும் இருத்தல் வேண்டும். ஆண்ட்ரியா டிசெசா இதிலிருந்து வேறுபட்டார். மாணவரின் எண்ணங்கள் முழுமையான கோட்பாடுகள் அல்ல, அனுபவத் துணுக்குகளே; அவற்றைக் களைவதைவிட உரிய இடத்தில் பொருத்தக் கற்பிப்பதே பணி என்றார். அடுப்பின் எடுத்துக்காட்டை நோக்கினால் டிசெசாவின் கூற்றே வலுவுடையதாகத் தோன்றுகிறது. நெருங்கினால் சுடும் என்னும் துணுக்கைக் களைந்துவிட்டு எவரும் சமைக்க இயலாது.

கொல்லிமலைக்கு மீள்வோம். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றைத் தலைமுறைகளாகப் பயிரிட்டு வந்தனர். மரவள்ளி பரவியதால் அப்பயிர்களின் பரப்பு சுருங்கியது. அவற்றைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலைமக்களோடு இணைந்து பணியாற்றியது. பதினோராம் வகுப்புத் தாவரவியலில் சி-4 தாவரங்களுக்கு மக்காச்சோளமும் கரும்பும் சான்றாகின்றன. சாமையும் தினையும் கேழ்வரகும் சி-4 தாவரங்களே. கிரான்ஸ் உள்ளமைப்பைப் படத்தில் மட்டும் கண்டு மனப்பாடம் செய்யும் மாணவர், அதே அமைப்புடைய இலைகளைத் தம் வீட்டுக் கொல்லையில் மிதித்து நடக்கக்கூடும். அன்றாட அறிவும் பள்ளி அறிவும் சந்தித்தே கருத்து முதிர்கிறது என்றார் உருசிய உளவியலாளர் வைகோட்ஸ்கி. இச்சந்திப்பை யாரேனும் ஏற்படுத்தித் தர வேண்டும்.

அளவீட்டிலும் இத்தகைய சந்திப்புக்கு இடமுண்டு. 1200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால், நீர் ஏறத்தாழ 96 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆவதற்கும் இதுவே காரணம். மலைப்பள்ளி ஆய்வகத்தில் வெப்பமானி 96 காட்டும். நூலோ 100 என்னும். மாணவர் எதனை எழுதுவார்? கருவி பழுது என்று எண்ணி 100 என எழுதுபவர் அறிவியலின் ஒரு செய்தியை அறிந்தவர். அறிவியல் செய்யும் வாய்ப்பை அப்போதே இழந்தவர். 96 என எழுதி, 'ஏன்?' என்று கேட்பவருக்குக் காற்றழுத்தம் பற்றிய பாடம் முழுவதும் திறந்துகொள்ளும்.

நேர்மையான அளவீட்டை மதிக்கும் தேர்வு முறை இந்நாட்டில் முன்பே முயன்று பார்க்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், மாணவர் சோதனைகளைத் தாமே செய்து முடிவுகளை விவாதித்தனர். தேர்வுக்கூடத்திற்குள் நூலை எடுத்துச் செல்ல அனுமதி இருந்தது. செய்முறைத் தேர்வும் உண்டு. நூலில் உள்ளதைத் திருப்பி எழுதுவது அங்கே பயன்படவில்லை. முப்பது ஆண்டுகள் நடைபெற்ற அத்திட்டம் 2002இல் நிறுத்தப்பட்டது.