'கர்ட்டெயில்' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் 'கர்ட்டெயில்' என்றொரு வினைச்சொல் உளது. குறைத்தல், சுருக்குதல் என்று அகராதிகள் பொருள் கூறும். அவ்வளவே போதுமென்று எண்ணி நம் மாணவர் சிலர் தலைமயிரையும் துணியையுங்கூடக் 'கர்ட்டெயில்' செய்துவிடுகின்றனர். ஆகவே இச்சொல்லின் பிறப்பையும் பிரயோகத்தையும் சிறிது ஆராய்வோம்.

இதன் ஈற்றில் வாலைக் குறிக்கும் 'டெயில்' நிற்பதாகத் தோன்றும். நாமும் நெடுநாள் அவ்வாறே நம்பியிருந்தோம். உண்மை அதுவன்று. லத்தீனில் 'குர்ட்டுஸ்' என்பது குறுகியது என்று பொருள்படும். அதன்வழி வந்த பிரெஞ்சுச் சொல்லொன்று ஆங்கிலத்திற் புகுந்து 'கர்ட்டல்' என நின்று, வால் தறிக்கப்பட்ட குதிரைக்குப் பெயராயிற்று. பின்னர் மக்கள் வாலையே நினைந்து சொல்லின் ஈற்றையும் 'டெயில்' என மாற்றி எழுதலாயினர். வாலிழந்த பிராணியின் பெயருக்கு வால் முளைத்த விந்தை இது!

ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத் தொடக்கத்தில், ரிச்சர்டு தன் உடலின் குறையைப் பற்றி நொந்து பேசுமிடத்து இச்சொல் வருகிறது. தனக்கு உரியதொன்று வெட்டப்பட்டது என்னும் குறிப்பு அங்கே தெளிவு. அக்குறிப்பு இன்றும் நீங்கவில்லை. செலவு, அதிகாரம், உரிமை, பிரயாணம், பேச்சு ஆகியவற்றையே இவ்வினை பெரும்பாலும் பற்றும். நூலைச் சுருக்குதல் 'அப்ரிட்ஜ்'. சொல்லைச் சுருக்குதல் 'அப்ரீவியேட்'. இவ்விரண்டும் ஒரே லத்தீன் வேரிற் பிறந்த உடன்பிறப்புக்கள். ஆயினும் வரம்பு எங்கும் கண்டிப்பானதன்று. 1791-ல் நிறைவேறிய அமெரிக்க அரசியற் சட்டத்தின் முதல் திருத்தம், பேச்சுரிமையைக் குறைத்தலாகாது என்னுமிடத்து 'அப்ரிட்ஜ்' என்பதையே ஆள்கிறது.

முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. இயல்பாகவே குறுகியதை 'கர்ட்டெயில்' செய்யப்பட்டதென்றல் பிழை. நம் இலக்கணத்தில் 'நீலம்' என்பது 'நீல்' என நிற்பதைக் கடைக்குறை என்பர். முழுச்சொல் முன்னே இருந்தாலன்றி அப்பெயர் பொருந்தாதன்றோ? அதுபோலவே இதுவும்.

நாம் அறிந்த மாணவர் ஒருவர், தாயார் நோயுற்ற செய்தி கேட்டு, சில நாள் விடுமுறை வேண்டுமென்னும் கருத்தில் 'கர்ட்டெயில் செய்யப்பட்ட விடுமுறை' வேண்டி விண்ணப்பம் எழுதினார். முன்பே பெற்ற விடுமுறையைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறார் போலும் என்று கருதிய குமாஸ்தா, அதனை அவசரமற்ற காகிதங்களோடு வைத்துவிட்டார். மறுநாள் மாலை மாணவர் நேரில் வந்து கேட்டபோதே பிழை வெளிப்பட்டது. அன்றிரவு ரயிலேறினார். தாயார் பிழைத்துக்கொண்டார், ஆயினும் அந்த ஒரு நாளை அவர் இன்னும் மறந்திலர்.