ஐந்தாவது பரிசோதனை வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு பக்கம், அதில் மூன்று பக்கம் தேதிகள். அந்த உறவு எந்த மாதம் நடந்தது, ஆணுறை கிழிந்ததை எப்போது கவனித்தாய், முதல் ரத்தம் எத்தனையாவது வாரம் கொடுத்தாய், தொண்டை வலி எப்போது வந்தது, நாக்கில் வெள்ளை எப்போது படிந்தது என்று கேஸ் ஷீட் மாதிரி எழுதியிருக்கிறாய். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஐந்தாவது மாதம், எட்டாவது மாதம் என நான்கு முறை பார்த்தாகிவிட்டது. நான்கிலும் எச்.ஐ.வி. இல்லை. கடைசி வரியில், "அக்கா, ஒரு வருஷம் முடிந்ததும் இன்னொரு தடவை பார்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம். உனக்கு எச்.ஐ.வி. இல்லை. அந்தக் கேள்வி மூன்றாவது மாத ரிப்போர்ட்டோடு முடிந்துவிட்டது. அதற்காக நீ நன்றாக இருக்கிறாய் என்றும் சொல்ல மாட்டேன். எட்டு மாதமாகச் சரியாகத் தூங்காதவனை நன்றாக இருக்கிறான் என்று யார் சொல்வார்கள்? உனக்கு இருப்பது வேறொரு தொந்தரவு. அதற்கு வைத்தியம் உண்டு.

முதலில் ரத்தக் கணக்கை முடித்துவிடுவோம். கிருமி உடம்புக்குள் போனால், பரிசோதனையில் சிக்கக்கூடிய முதல் தடயங்களில் ஒன்று பி-24 என்ற அதன் புரதம். பிறகு சில வாரங்களில் உடம்பு ஆன்டிபாடியை உண்டாக்குகிறது. இப்போது லேபுகளில் நரம்பில் எடுத்த ரத்தத்தைக் கொண்டு செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை இந்த இரண்டையும் சேர்த்தே தேடுகிறது. தொற்று இருந்தால் பொதுவாக 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் ராபிட் டெஸ்டுக்கு 90 நாள் வரை அவகாசம் தர வேண்டும். விண்டோ பீரியட் என்பது இந்த இடைவெளிதான். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்கள் என்ற எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களில் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வது இதனால்தான். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நீ படித்ததெல்லாம் பழைய தலைமுறைப் பரிசோதனைகளின் காலத்துப் பேச்சு. இணையத்தில் எதுவும் சாவதில்லை, அவ்வளவுதான்.

மறுபடி பார்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தொற்று ஏற்படக்கூடிய சம்பவம் புதிதாக நடந்தவர்கள், ஊசியைப் பகிர்ந்து போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட்டவர்கள். இந்த மூன்றாம் வகையினருக்கு நாள் கணக்கு மாத்திரை முடிந்த பிறகுதான் தொடங்கும். நீ இவர்களில் யாரும் இல்லை.

உன் இரண்டாவது பக்கத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாவது மாத ரிப்போர்ட்டில் 0.14 என்று இருந்ததாம், எட்டாவது மாதத்தில் 0.22 ஆகிவிட்டதாம். "ஏறுகிறதே அக்கா" என்று எழுதியிருக்கிறாய். தம்பி, அது கிருமியின் அளவு இல்லை. மெஷின் உன் ரத்தத்தில் பார்த்த ஒளி அல்லது நிறத்தின் அளவை, அந்தக் கிட்டுக்கு என்று வைத்திருக்கும் எல்லை அளவால் வகுத்துக் கிடைக்கிற எண். 1-க்குக் கீழே இருந்தால் நான்-ரியாக்டிவ். 0.14-ம் அதுதான், 0.22-ம் அதுதான். ஒரே குழாய் ரத்தத்தை அதே மெஷினில் காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் வைத்தாலும் எண் கொஞ்சம் முன்பின்னாக வரும். அதை அச்சடித்து நோயாளி கையில் கொடுப்பதே தேவையில்லாத வேலை என்பது என் அபிப்பிராயம். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது எதையும் சொல்வதில்லை, பயந்தவர்களுக்கோ ராத்திரி முழுக்கக் கதை சொல்கிறது.

நான் கவுன்சலராக இருந்தபோது ஒருவர் வருவார். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். கையில் கடைப் பெயர் போட்ட பாலிதீன் பை, உள்ளே தேதி வாரியாக அடுக்கிய ரிப்போர்ட்டுகள். அத்தனைக்கும் லேமினேஷன் போட்டிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "மேடம், இந்தக் கிட்டுக்கு எக்ஸ்பைரி டேட் என்ன?" அட்டைப்பெட்டியை எடுத்துக் காட்டுவேன். அடுத்தது, "என் டியூபும் முன்னால் போனவர் டியூபும் மாறியிருக்குமா?" ஒட்டிய லேபிளைக் காட்டுவேன். அதற்கும் தலையாட்டிவிட்டு, "எல்லாருக்கும் காட்டுகிற டெஸ்ட் எனக்கு மட்டும் காட்டாமல் போக வாய்ப்பிருக்கிறதா?" என்பார். எந்தக் கேள்வியும் முட்டாள்தனமானதில்லை, கவனித்தாயா? பதில் கிடைத்த மறுநிமிடம் அடுத்த கேள்வி எங்கிருந்தோ முளைத்துவிடும். தொடக்கத்தில் நாங்களும் அவர் கேட்கும்போதெல்லாம் டெஸ்ட் எடுத்துக் கொடுத்தோம். உதவி செய்வதாகத்தான் நினைப்பு. அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பிய பிறகுதான் அவர் வருவது நின்றது.

உனக்கும் நடப்பது இதேதான். ரிப்போர்ட் வாங்கிய அன்று நெஞ்சு லேசாகிறது. நாலைந்து நாள் நிம்மதி. பிறகு ஒரு "ஒருவேளை" தலை தூக்குகிறது. டெஸ்ட் எடுத்தால் நிம்மதி வரும் என்று மூளை பழகிவிட்டதால், மறுபடி டெஸ்ட் கேட்கிறது. சொறியச் சொறியத்தானே அரிப்பு கூடும்? கூகுளில் தேடுவது, கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பது, நண்பனிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, இதோ எனக்குக் கடிதம் போடுவது, எல்லாம் அந்தச் சொறிதல்தான். மனநல மருத்துவர்கள் இதைப் பதற்ற நோய், உடல்நலம் குறித்த மிகைப் பயம், எண்ணச் சுழற்சி நோய் என்ற வகைகளில் ஏதாவது ஒன்றில் வைப்பார்கள். உனக்கு எது என்று நேரில் பார்த்து அவர்கள் சொல்லட்டும்.

அறிகுறிகள் பற்றி இரண்டு வார்த்தை. எச்.ஐ.வி. தொற்றிய சிலருக்கு முதல் சில வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு வரும். சிலருக்கு ஒன்றுமே வராது. அதே காய்ச்சலும் தொண்டை வலியும் டெங்குவிலும் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும். ஆகவே அறிகுறியை வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ரத்தம்தான் சொல்ல வேண்டும், அது சொல்லிவிட்டது. உனக்கு இருக்கிற வயிற்றுப்போக்கு, வியர்வை, படபடப்பு, வாய் உலர்தல், எடை குறைதல் எல்லாம் தூங்காமல் சாப்பிடாமல் பயந்துகொண்டே இருப்பவர்களுக்கு வருபவை. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறாய். ஒரு நாளைக்கு எத்தனை முறை தொடுகிறாய்? கழுத்தில் எல்லோருக்கும் சின்னச் சின்ன நெறிகள் உண்டு. விரல் நுனியால் மணிக்கு ஒரு தரம் அழுத்தினால் எவனுக்கும் வலிக்கும். எடை தொடர்ந்து குறைந்தால், காய்ச்சல் நிற்காமல் அடித்தால், ஒரு பொது மருத்துவரிடம் போய் வேறு காரணம் இருக்கிறதா என்று பார். எச்.ஐ.வி. என்ற ஒரே சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தால் தைராய்டு இருந்தால்கூடத் தெரியாமல் போகும். பால்வினை நோய்கள் வேறு சிலவும் இருக்கின்றன. சிபிலிஸுக்கு இதுவரை ரத்தம் பார்க்கவில்லை என்றால் ஒரே ஒரு முறை பார்த்துவிடு, ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் போட்டுக்கொள்.

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறாயா? இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது நம் சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது மருந்து கிடையாது. நோய் என்றால் சாவு என்றே பிரசாரமும் செய்யப்பட்டது. மண்டையோட்டுப் படங்கள் வந்தன. 2000-களின் தொடக்கத்தில் ஊர் ஊராக விளம்பரப் பலகையில் புள்ளிராஜா என்ற கற்பனை ஆள் வந்தான், அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று தமிழ்நாடே பேசியது. அந்தப் பிரசாரங்கள் எத்தனையோ பேரைக் காப்பாற்றின, அதை மறுக்க மாட்டேன். கூடவே தப்பு செய்தவனுக்கு வருகிற நோய் என்ற எண்ணமும் பலர் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை அதே சத்தத்தில் யாரும் சொல்லவில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. இன்று பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய்விட்டவர்களிடமிருந்து உடலுறவு மூலம் பிறருக்குத் தொற்றுவதில்லை. அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், தொற்றில்லாத பிள்ளைகளைப் பெறுகிறார்கள். நீ பயப்படுகிற நோய் 1990-களின் சுவரொட்டியில் இருக்கிற நோய்.

சரி, அபாயம்தான் எவ்வளவு? சிகிச்சை எடுக்காத, தொற்றுள்ள ஒரு பெண்ணோடு ஒரு முறை ஆணுறையில்லாமல் யோனி வழி உறவு கொள்ளும் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு, பத்தாயிரத்தில் சுமார் 4 என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிடுகிறது. ஆசனவாய் வழியாக ஏற்பவருக்கு அது 138. இதை ஆணுறையை விட்டுவிடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதே. எண்கள் உன்னை அமைதிப்படுத்தாது என்பதும் எனக்குத் தெரியும். "அந்த நாலு பேரில் நான் ஒருவனாக இருந்தால்?" என்றுதான் கேட்பாய்.

ஏனென்றால் உன் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள், அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று. எனக்கென்னவோ உன் கடிதத்தின் நடு நரம்பு அதுதான் என்று தோன்றுகிறது. செய்தது தப்பு என்று நினைக்கிறாய், தப்புக்குத் தண்டனை வந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய். ரிப்போர்ட் ஒவ்வொரு முறையும் உன்னை விடுவிக்கிறது, நீ ஏற்க மறுக்கிறாய். வயது வந்த இருவர் மனமொத்துச் செய்த காரியத்தை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். உனக்கு அது தவறாகப் பட்டால் அது உன் மனசாட்சியின் கணக்கு. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் நீதான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கை லேபில் கொடுத்துத் தீர்க்கப் பார்க்காதே, அங்கே அதற்குக் கிட் கிடையாது. மருத்துவ ரீதியாக நீ யாரிடமும் மறைக்க ஒன்றுமில்லை.

உன் கூடப்பிறந்த அக்காவின் குழந்தையை நீ தூக்குவதில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். தம்பி, எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களே பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சித்தான் வளர்க்கிறார்கள். தொடுவதால், முத்தத்தால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், கொசுக்கடியால் அது பரவாது. தொற்றே இல்லாத நீ எட்டு மாதமாக அந்தக் குழந்தையிடமிருந்து ஒதுங்கி நிற்கிறாய்.

இனிச் செய்ய வேண்டியது. பரிசோதனை, கூகுள், கண்ணாடி, கழுத்து நான்கையும் நிறுத்து. நிறுத்தினால் முதல் சில நாள் பயம் கூடும். கூடட்டும். பதில் தேடி ஓடாமல் அப்படியே இருந்தால் அது தானாக இறங்கும். இறங்குவதை நாலு தரம் பார்த்துவிட்டால் அதன் அதிகாரம் குறையும். "நூற்றுக்கு நூறு உறுதியா?" என்று மனசு கேட்கும்போது, "தெரியாது, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கிற வேலையைத் தொடர். சொல்ல எளிது, தனியாகச் செய்யக் கஷ்டம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தருகிறவர்கள் இதையே படிப்படியாகப் பயிற்சி கொடுப்பார்கள். தேவைப்பட்டால் மருத்துவர் செர்ட்ராலின், ஃப்ளுவாக்செடின் போன்ற மாத்திரை எழுதுவார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், பத்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடாதே. மருந்துக்கடையில் நீயாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதே, அவற்றில் பல பழக்கமாகிவிடும். "செத்துவிட்டால் தேவலை" என்று ஓரிடத்தில் எழுதி அடித்திருக்கிறாய். அடித்தாலும் படிக்க முடிந்தது. அந்த எண்ணம் மறுபடி வந்தால் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல், தனியாக இருக்காதே.

ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படாதே. 2017-இல் இயற்றி 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடவும் கூடாது. உன் நான்கு ரிப்போர்ட்டும் உன்னோடுதான்.

இந்த வாரத்திலேயே ஒரு நாள் விடுப்பு எடுத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போ. சீட்டு எழுதுமிடத்தில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போய் எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே கொடு, ரிப்போர்ட்டுகளைக் கொண்டு போகாதே. போகும்வரை பொறுக்க முடியவில்லை என்றால் மனநல உதவி எண்ணான 14416-க்கு போன் செய். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அன்புடன்,
அக்கா