கம்பெனியே விற்கும் பழைய கைக்கடிகாரம்: ரசீதில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: கோவையில் தொழில் செய்கிறேன். ஜெனீவாவில் உள்ள புகழ்பெற்ற கடிகார நிறுவனம் ஒன்று, 1950-களில் தான் தயாரித்த கைக்கடிகாரங்களைத் தேடி வாங்கி, பழுது நீக்கித் தானே விற்கிறது. அப்படி ஒன்றைச் சுமார் 30 லட்சம் ரூபாய்க்கு வாங்க நினைக்கிறேன். தயாரித்தவரிடமே வாங்கினால் பயமில்லை என்கிறார் நண்பர். அது சரியா? கூரியரில் வரவழைக்கலாமா? பின்னால் ஏதாவது கோளாறு என்றால் கோவையிலேயே வழக்குப் போட முடியுமா?

– வாசகர், கோவை

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி. முன்பின் தெரியாத தரகரிடம் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். உதாரணமாக, வாஷரோன் கான்ஸ்டான்டின் நிறுவனம் தன் பழைய கடிகாரங்களைச் சான்றிதழோடும் 2 ஆண்டு உத்தரவாதத்தோடும் விற்கிறது. ஆனால், ரோலெக்ஸ் 2022 டிசம்பரில் தொடங்கிய பழைய கடிகாரத் திட்டத்தில் சான்றளிப்பதுதான் ரோலெக்ஸ். விற்பவர் அங்கீகாரம் பெற்ற கடைக்காரர். எனவே ரசீதில் 'விற்பவர்' என்று யார் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நாளை நீங்கள் கேள்வி கேட்க வேண்டியது அவரைத்தான்.

தயாரித்தவரே ஏமாந்த கதையும் உண்டு. 2021-ல் ஜெனீவா ஏலத்தில் 1957-ம் ஆண்டு ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலை போனது. வாங்கியது ஓமேகா நிறுவனமேதான். பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது என்று 2023-ல் தெரிய வந்தது. முன்னாள் ஊழியர்களுக்கு அதில் பங்கு இருந்ததாக ஓமேகாவே சொன்னது.

இதைவிட அடிக்கடி வரும் சிக்கல் டயல். 1950-களில் இருட்டில் ஒளிர்வதற்காக டயலில் ரேடியம் பூசினார்கள். பின்னால் சர்வீஸுக்கு வந்தபோது கம்பெனியே அதைக் கழற்றிவிட்டுப் புது டயல் மாட்டியிருக்கலாம். அதுவும் கம்பெனி பாகம்தான் என்பதால் 'அசல் தயாரிப்பு' என்ற சான்றிதழில் பொய் இருக்காது. ஆனால் சேகரிப்பாளர் கொடுக்கும் விலை பெரிதும் குறைந்துவிடும். ஆகவே கேஸ் எண், மூவ்மென்ட் (உள் இயந்திரம்) எண், டயல், முள், கிரீடம் (பக்கத்துத் திருகு) ஆகிய ஒவ்வொன்றும் தயாரானபோதே இருந்ததா, மாற்றியதா, மறுபூச்சு செய்ததா, கேஸைப் பாலிஷ் போட்டார்களா என்பதையெல்லாம் ரசீதிலோ அதன் இணைப்பிலோ எழுதி வாங்குங்கள். கடையில் வாயால் சொன்னதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரும்பாடு.

ஜெனீவாவில் வாங்கினால் பொதுவாக சுவிஸ் சட்டமே பொருந்தும். அங்கே குறைபாட்டுக்கான பொறுப்பு 2 ஆண்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பழைய பொருளுக்கு ஒப்பந்தம் மூலம் அதைக் குறைக்கலாம் என்றாலும், 1 ஆண்டுக்குக் கீழே போக முடியாது. வேண்டுமென்றே குறையை மறைத்திருந்தால், 'பொறுப்பேற்க மாட்டோம்' என்ற நிபந்தனை செல்லாது. ஆனால் குறை கண்ணில் பட்டதும் உடனே தெரிவித்தாக வேண்டும்; எழுத்தில் தெரிவிப்பது நல்லது. சும்மா இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். இன்னொரு வழியும் இருக்கிறது. பொருளின் அடிப்படைத் தன்மையிலேயே தவறு நேர்ந்திருந்தால், அதை அறிந்த 1 ஆண்டுக்குள் ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கலாம். பிக்காசோ வரைந்ததாக விற்ற ஓவியம் பற்றிய வழக்கில், சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 1988-ல் இந்த உரிமையை உறுதி செய்தது.

கோவையில் வழக்கா? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். ஆனால் தீர்ப்பு வாங்குவது ஒன்று, பணம் வாங்குவது வேறு. நம் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் நாடுகளின் வரிசையில் சுவிட்சர்லாந்து இல்லை. அந்தக் கம்பெனியின் சொத்து இந்தியாவில் எதுவும் இல்லாவிட்டால் கடைசியில் ஜெனீவா வாசலில்தான் நிற்க வேண்டும்.

கூரியர் வேண்டவே வேண்டாம். நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது; முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் வரும் பார்சலைச் சுங்கத் துறை பிடித்து வைக்கலாம். நீங்களே போய் வாங்கி, உங்கள் பயண உடைமையாகக் கொண்டுவாருங்கள். விமான நிலையத்தில் ரெட் சேனலில் போய், சுங்கச் சட்டம் 77-வது பிரிவின்படி அறிவித்து, உண்மையான ரசீதைக் காட்டி வரி கட்டுங்கள். கையில் கட்டிக்கொண்டு வந்தால் தெரியாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் கடிகாரமே பறிமுதலாகும், அபராதமும் தனியாக வரும். விலையைக் குறைத்து ரசீது வாங்கினாலும் இதே கதிதான். அதோடு, பிற்பாடு நஷ்டஈடு கேட்கும்போது அந்தக் குறைந்த தொகைதான் உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

வார் விஷயத்தையும் கவனியுங்கள். முதலைத் தோல் வாருக்கு, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும். கன்றுத் தோல் வார் மாட்டித் தரச் சொல்லுங்கள். வரி கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சர்வீஸுக்காக மறுபடி வெளிநாடு எடுத்துப் போகும்போது, புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது இரண்டாவது முறை வரி கேட்க மாட்டார்கள்.

முன்பணம் அனுப்புவதற்கு முன், டயல் முதல் மூவ்மென்ட் வரை நான் சொன்ன கேள்விகளை ஒரு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நேர்மையான நிறுவனம் வரிக்கு வரி பதில் தரும். 'எங்கள் பெயரே உத்தரவாதம்' என்று மட்டும் பதில் வந்தால், அந்தக் கடிகாரத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் உழைத்துச் சேர்த்த 30 லட்சத்தை ஒரு பெயரை மட்டும் நம்பிக் கொடுக்கக் கூடாது.