கரப்பன் சாப்பாடும் குருதிப் பரிசோதனையும்

இறாலும் நண்டும் 'கரப்பன் சாப்பாடு' என்று எமது ஊர்களில் பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்ட சிறிது நேரத்தில் சிலருக்குத் தடிப்பும் கடியும் உண்டாவதைக் கண்டே அப்படிச் சொன்னார்கள். இன்று இதற்குக் குருதிப் பரிசோதனையும் உண்டு. ஆனால் அந்தத் தாளிலுள்ள எண்ணை எப்படி விளங்கிக்கொள்வது என்பதில் நம்மிற் பலர் தடுமாறுகின்றோம்.

இப்பரிசோதனை தேடுவது ஐஜீஈ என்னும் பிறபொருளெதிரியை. ஒவ்வாமையுள்ள பலரில் இது இறாலின் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்துக்கு எதிராகவே உருவாகிறது. தோலிலும் குடலிலும் சுவாசப் பாதையிலும் உள்ள சில கலங்களில் ஒட்டிக் காத்திருக்கும். மறுபடி இறால் உண்டதும் அக்கலங்கள் ஹிஸ்டமினை வெளிவிட, தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிழுப்பு என்பன தோன்றும். நன்றாக அவித்தாலும் இப்புரதம் அழிவதில்லை.

வழமையாக 0.35 அலகு முதல் 'உண்டு' என்று முடிவு வரும். இது உடல் அப்புரதத்தை இனங்கண்டுள்ளது என்பதற்கே சான்று, நோய் உண்டு என்பதற்கல்ல. வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியிலும் கரப்பான் பூச்சியிலும் இதையொத்த புரதம் இருக்கிறது. செட்டையும் செதிலும் இல்லாத நீர்வாழ் உயிர்களை யூதரின் சட்டம் விலக்குகிறது (லேவியர் 11). ஆகவே இறாலை உண்டறியாத, ஆனால் தூசி உண்ணி ஒவ்வாமையுள்ள வைதீக யூதர் சிலரை ஆராய்ந்தார்கள். அவர்களின் குருதியிலும் இறாலுக்கெதிரான ஐஜீஈ இருந்ததை 2003 இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது!

எனவே காலமெல்லாம் இறால் உண்டு சுகமாயிருக்கும் மீனவக் குடும்பம், ஓர் எண்ணைப் பார்த்து மட்டும் நல்ல புரத உணவைக் கைவிட வேண்டியதில்லை. மறுபுறம், ஒருமுறை தொண்டை அடைத்தவர் எண் குறைவென்று துணியவும் கூடாது. அடுத்த தாக்கம் எவ்வளவு கடுமையாயிருக்கும் என்பதை எண் சொல்லாது. வீட்டில் உண்டு பார்த்துச் சோதிப்பதும் ஆபத்தே. எதை உண்டோம், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன நேர்ந்தது என்று எழுதி வைத்தியரிடம் கொண்டு செல்வோம். அவருக்கு அந்தத் துண்டு பெரிதும் உதவும்.

மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் பரிசோதனைக்கு நேரமில்லை. உடனே வேண்டியது தொடைத் தசையில் ஏற்றும் அட்ரினலின் ஊசி. பிரிட்டன் குளிசை கடியைத் தணிக்கும், மூச்சுப் பாதையைத் திறக்காது. குளிசை கொடுத்துவிட்டுப் பார்த்திருக்காமல், கிடைத்த வாகனத்தில் கிட்டிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நோயாளியை எழுப்பி நடக்க விடாது படுக்கவைத்தே கொண்டுசெல்வது நல்லது. மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து இருத்தலாம்.