என்னைக் காண்பவரின் கிணறு



திருமறை நூலை வாசிக்கையில் நாவிற் புரளாத இடப் பெயர் ஒன்று வந்தால் நம்மிற் பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம். ஆனால் பழைய ஏற்பாட்டில் பல இடப் பெயர்கள் அங்கே நடந்ததொன்றை மறவாதிருக்கவே இடப்பட்டவை. தொடக்க நூல் 16ஆம் அதிகாரத்தில் வரும் 'பெயேர் லகாய் ரோயி' அவற்றுள் ஒன்று.

எபிரேய மொழியில் 'பெயேர்' என்றால் கிணறு. பெயேர்செபா என்னும் ஊர்ப் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. 'லகாய்' என்பது உயிருள்ளவருக்குரிய என்றும், 'ரோயி' என்பது என்னைக் காண்பவர் என்றும் பொருள்படும். ஆக, 'என்னைக் காணும் உயிருள்ளவரின் கிணறு' என்பதே இப்பெயர்.

இப்பெயருக்குக் காரணமானவள் ஆகார் என்னும் எகிப்திய அடிமைப் பெண். தலைவி சாராயின் கொடுமை தாங்காது, கர்ப்பிணியான அவள், சூருக்குச் செல்லும் பாலைநில வழியே ஓடினாள். அது அவளுடைய சொந்த நாட்டை நோக்கிய வழி. சாராயும் ஆபிராமும் அவளைப் பற்றிப் பேசும்போது 'அடிமைப் பெண்' என்றார்களேயன்றி, ஒருமுறையேனும் பெயர் சொல்லவில்லை. நீரூற்றருகே அவளைக் கண்ட ஆண்டவரின் தூதரோ 'ஆகார்' என அழைத்தார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்றும் வினவினார்.

திரும்பிப் போ என்ற கட்டளை அவளுக்கு எளிதாக இருந்திராது. ஆயினும் பிறக்கவிருந்த மகனுக்கு 'இஸ்மாயேல்', அதாவது 'கடவுள் கேட்கிறார்', என்ற பெயரை அவள் பெற்றாள். அவளோ கடவுளை 'என்னைக் காண்பவர்' என அழைத்தாள். கேட்கும் கடவுள் மகனின் பெயரிலும், காணும் கடவுள் கிணற்றின் பெயரிலும் நிலைத்தார்.

இப்பெயர் இத்துடன் மறையவில்லை. பின்னர் ஈசாக்கின் உரிமைக்காகவே ஆகாரும் இஸ்மாயேலும் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். ஆபிரகாம் இறந்தபோது ஈசாக்கும் இஸ்மாயேலும் சேர்ந்தே தந்தையை அடக்கம் செய்தனர். அதன்பின் ஈசாக்கு வாழ்ந்த இடம் எது? பெயேர் லகாய் ரோயி என்கிறது 25ஆம் அதிகாரம். காரணத்தைத் திருமறை கூறவில்லை. ஆனால் எவன் பொருட்டு அவள் துரத்தப்பட்டாளோ, அவனே அவளுடைய விசுவாசத்தைச் சொல்லும் கிணற்றருகே குடியிருந்தான்.

நம் வீட்டில் வேலை செய்பவரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? எங்கிருந்து வருகிறீர்கள், உங்கள் வீட்டில் எப்படி என்று நாம் கேட்டதுண்டா? நம் குடும்பங்களிலிருந்தும் கடல் கடந்து சென்று பிறர் வீட்டில் உழைக்கும் பெண்கள் உளர். அங்கே அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமென விரும்பும் நாம், இங்கே அதைச் செய்கிறோமா?

இன்றிரவு குடும்பச் செபத்தின்போது 16ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். பின்னர், நாம் காணத் தவறிய ஒருவரைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுங்கள். நாம் காணாதவரையும் அவர் காண்கிறார்.