கடல் கடக்க விரும்பும் கட்டடக்கலைஞருக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பம்பாயின் காட்கோபர் கிழக்கில், பந்த்நகரிலும் அதனை ஒட்டிய வீதிகளிலும், மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதி அமைப்பான ம்ஹாடாவின் பழைய குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு நெடிய மாடங்களாக எழுந்துவரும் இக்காலத்தில், அவற்றுக்கு வரைபடம் எழுதித் தரும் சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில், தொழிலைத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ பெயர்த்துக்கொண்டு போய்விடலாம் என்னும் பேச்சு அடிக்கடி எழுகிறது. ஆசையில் குற்றமில்லை. ஆனால் அவ்வாசைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் அபிப்பிராயங்களிற் பல, ஆராய்ந்து பார்க்குமிடத்து நிலைபெறாதவை. அவற்றை நம்பி நகரத்தைத் தேர்ந்தெடுப்பவர், பணத்தோடு பல ஆண்டு உழைப்பினால் ஈட்டிய நற்பெயரையும் பணயம் வைக்கிறார்.

"கோடு எங்கும் கோடுதான், இங்கே வரையத் தெரிந்தவனுக்கு அங்கே என்ன தடை?" என்பது அந்நம்பிக்கைகளுள் முதன்மையானது. வரைவதற்குத் தடை இராது. கையொப்பம் இடுவதற்கே தடை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பட்டத்தைப் பதிவு பெற்றவருக்கே உரியதாக்கிற்று. ஆயினும் அது பட்டத்தைக் காக்கிறதேயன்றித் தொழிலைச் செய்வதினின்று பிறரை விலக்கவில்லை என்று உச்சநீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. பிரிட்டனின் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இவ்வகையினதே: பதிவு வாரியத்தில் பெயர் இல்லாதவர் கட்டடம் அமைத்துத் தரலாம், ஆனால் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று விளம்பரப்படுத்தலாகாது. சிங்கப்பூரிலோ பட்டம், தொழில் ஆகிய இரண்டுமே சட்டத்தின் காவலில் உள்ளன. வாரியத்தின் பதிவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழிற்சான்றும் இல்லாதவர் அனுமதிக்கான வரைபடத்தைச் சமர்ப்பிக்க இயலாது. துபாயில் தனிமனிதரைக் காட்டிலும் நிறுவனத்தின் உரிமமே பிரதானம்: நகராட்சியோ, சில மண்டலங்களில் டிராக்கீஸ் என்னும் அனுமதி அமைப்போ, அப்பகுதிக்குரிய அதிகாரத்தினிடம் பதிவான ஆலோசனை நிறுவனமே வரைபடம் தாக்கல் செய்யலாம். வணிக உரிமம் ஒன்றைப் பெற்றுவிட்டதனாலேயே இத்தகுதி வந்துவிட்டதாக எண்ணி அலுவலகத்துக்கு வாடகை கட்டுவோர் உண்டு. வாடகை நடந்துகொண்டிருக்கும், வரைபடம் நகராது.

இனி, பந்த்நகர்க் குடியிருப்புச் சங்கம் ஒன்றின் மறுநிர்மாணத்தை மேற்கொண்ட ஆர்க்கிடெக்டின் மேஜையைச் சற்று நோக்குவோம். 2034ஆம் ஆண்டு வரைக்குமான வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் ம்ஹாடா குடியிருப்புகளுக்குரிய 33(5)ஆம் விதி மடிக்கப்பட்டு, ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு கிடக்கிறது. அதன்மேல், சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் இப்போது அனுபவிக்கும் கார்பெட் ஏரியாவின் பட்டியல். அதன் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின்படி நிறைவேறிய தீர்மானம், தீயணைப்புத் துறையின் ஆட்சேபமின்மைச் சான்று, விமான நிலையத்தின் உயரக் கட்டுப்பாட்டுச் சான்று. எந்தக் கோப்பு பாந்த்ராவிலுள்ள ம்ஹாடா தலைமையகத்தில் எந்த மேஜையில் தங்கும், ஐ.ஓ.டி. என்னும் நிபந்தனை ஒப்புதல் கிடைத்தபின் சி.சி. என்னும் கட்டுமானத் தொடக்கச் சான்று வருவதற்குள் எந்த நிபந்தனையை முதலில் நிறைவேற்றவேண்டும் என்பதை அவர் புத்தகத்திற் படித்து அறிந்தாரல்லர், அலைந்து அறிந்தார். அவருடைய மூலதனத்தில் பெரும்பங்கு இந்த அறிவே. காட்கோபரை விட்டு விமானம் ஏறும் கணத்தில் இதன் மதிப்பு அற்றுப்போகிறது என்பதை, நகரங்களை ஒப்பிட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் ஏனோ கணக்கில் கொள்வதே இல்லை.

"துபாயில் வரி இல்லை" என்பதும் பழைய செய்தி. அங்கே 2018 முதல் 5 சதவீத மதிப்புக்கூட்டு வரியும், 2023 ஜூன் முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட இலாபத்தின்மீது 9 சதவீத நிறுவன வரியும் உண்டு. வருவாய் 30 லட்சம் திர்ஹாமுக்கு உட்பட்ட சிறு நிறுவனங்களுக்கு அளித்துள்ள சலுகையும் 2026 இறுதியோடு முடிகிறது. குடும்பத்தையும் அலுவலகத்தின் பாதியையும் இங்கேயே வைத்துக்கொண்டு ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்குபவர், பொதுவாக இந்தியவாசியாகவே கருதப்பட்டு, உலக வருமானம் முழுவதற்கும் இங்கே கணக்குக் காட்டவேண்டியவராவார்.

எல்லாவற்றினும் பெரிய மயக்கம், அயல்நாட்டில் கட்டவேண்டுமானால் அயல்நாட்டிற் குடியேறவேண்டும் என்பதே. இதற்கு மறுப்பு இந்த பம்பாயிலேயே பிரத்தியட்சமாக உள்ளது. 1958இல் இந்நகரில் அலுவலகம் தொடங்கிய சார்லஸ் கொரியா, அதனை இடம் பெயர்க்காமலேயே, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்கான இந்தியத் தூதரகக் கட்டடத்தையும், 2005இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் மூளை ஆய்வு நிலையத்தையும், 2010இல் லிஸ்பனில் சம்பாலிமோ மையத்தையும், 2014இல் டொராண்டோவில் இஸ்மாயிலி மையத்தையும் சிருஷ்டித்தார். எம்.ஐ.டி. பணியில் பாஸ்டனின் கூடி கிளான்சி நிறுவனமும், டொராண்டோவில் மோரியாமா அண்டு தெஷிமா நிறுவனமும் அவரோடு கைகோத்தன. உள்ளூர்ச் சட்டமும் உள்ளூர்க் குளிரும் அறிந்தவர்கள் அவர்கள். நம் சம்பிரதாயத்திலும் இவ்வழி உண்டு. பிள்ளையார்பட்டியில் பிறந்து மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய கணபதி ஸ்தபதி, ஹவாயின் கவாய்த் தீவிலுள்ள இறைவன் கோயிலை வடிவமைத்தபோது, சிற்பிகள் கருங்கல்லைப் பெங்களூர்ப் பக்கத்திலேயே 1990 முதற்கொண்டு செதுக்கிக் கப்பலேற்றினர். கம்பியே இடாத நான்கடித் தடிப்புள்ள அடித்தளத்தை, சாம்பல் கலந்த கான்கிரீட்டில் வகுத்துத் தந்தவரோ பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் குமார் மேத்தா. உளியின் அறிவு இங்கிருந்து சென்றது, கான்கிரீட்டின் அறிவு அங்கே கிடைத்தது. யாரும் ஊரை விட்டுக் குடிபெயரவேண்டிய நிர்ப்பந்தம் நேரவில்லை.

பெயர் பெற்ற நகரமே பெரிய வாய்ப்புத் தரும் என்பாரும் உளர். என் கருத்தில், சிறிய அலுவலகத்துக்கு ஏற்ற நகரம் அதன் தற்போதைய வாடிக்கையாளரின் உறவினர் வாழும் நகரமே. காட்கோபரின் குஜராத்தி வணிகர் குடும்பங்களுக்குத் துபாயிலும் நைரோபியிலும் லெஸ்டரிலும் கிளைகள் உண்டு. இங்கே அண்ணன் வீட்டை ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தவரை அங்கே தம்பி நம்பி அழைப்பார். அவ்வழைப்பு ஒரு வீட்டின் உள்ளலங்கார வேலையாகவே இருந்தாலும், உள்ளூர்க் கூட்டாளி ஒருவரைத் தேடிக்கொண்டு அதனைச் செய்து முடிப்பது, முகமறியாத லண்டனில் பலகை மாட்டிக்கொண்டு காத்திருப்பதினும் மேல்.

ஆகவே, வெளிநாடு செல்ல எண்ணும் இளம் நண்பர்களே, வீசாவுக்கும் வாடகைக்கும் முன்பணம் கட்டுமுன், நீங்கள் விரும்பும் நகரத்தின் பதிவு வாரியத்துக்குப் பட்டச் சான்றையும் நம் நாட்டு ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் பதிவுச் சான்றையும் அனுப்பி, "என் கையொப்பம் அங்கே செல்லுமா, செல்லாதெனில் எந்தப் பரீட்சை எழுதவேண்டும்" என்று கேட்டு, பதிலை எழுத்து மூலமாகவே பெறுங்கள். அது கைக்கு வரும்வரை பந்த்நகர் அலுவலகத்தின் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.