கேபினை இறக்குமுன் ஸ்டாண்டைக் கட்டுங்கள்: பழைய லாரியை மீட்பவருக்கு ஒரு வழிகாட்டி

பழைய லாரியை மீட்டெடுக்க இறங்குகிறவர்கள் இஞ்சினுக்குப் பணம் ஒதுக்குவார்கள், டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும் ஒதுக்குவார்கள். கழற்றிய கேபின் மாதக்கணக்கில் எதன்மேல் உட்காரப்போகிறது என்பதற்கு ஒதுக்குவது அரிது. நாலு பழைய டயரையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி அதன்மேல் இறக்கிவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கேபினைத் தாங்கும் ஸ்டாண்டுதான் இந்த வேலையின் முதல் பொருள் என்பது என் உறுதியான கருத்து. அது கட்டி முடிந்து, அளவு சரிபார்த்து, வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை ஒரு மவுண்ட் போல்ட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. காரைக்கால் கோவில்பத்தில் ஒரு பட்டறையிலோ வீட்டுக் கொல்லையிலோ வேலை செய்கிறவருக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். காவிரி வண்டல் மண், கடல் உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகை மழை ஆகிய மூன்றும் தரையில் விடப்பட்ட கேபினுக்கு எதிராகவே வேலை செய்கின்றன.

காரணம் கேபினின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. சேஸி மேல் குறிப்பிட்ட சில மவுண்டுகளில் உட்காருவதற்காகக் கட்டப்பட்ட கூடு அது. இரண்டு பக்கமும் பெரிய கதவுத் திறப்பு, முன்னால் கண்ணாடித் திறப்பு. மீதியிருக்கும் தூண்களையும் கீழ்ச்சட்டத்தையும் நேராக வைத்திருப்பதில் சேஸிக்குப் பெரும் பங்கு உண்டு. மீட்க வேண்டிய நிலையில் இருக்கும் வண்டியிலோ, முதலில் துருப்பிடித்துப் போயிருப்பது அந்தக் கீழ்ச்சட்டமும் தரைத்தகடும்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1954இல் டாடா நிறுவனம் டைம்லர் பென்ஸுடன் சேர்ந்து லாரி தயாரிக்கத் தொடங்கிய காலம் முதல், நம் சாலைகளில் ஓடிய வண்டிகளில் பெரும்பங்கு கேபின் இல்லாத கௌல் சேஸியாக மட்டுமே வாங்கப்பட்டவை. கேபினை நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பாடிப் பட்டறைகள் மரச்சட்டமும் தகடும் சேர்த்துக் கட்டின. அதனால் ஒரே மாடல் வண்டிகள் இரண்டில்கூட கேபினின் எடையும் மவுண்ட் இடமும் ஒன்றாக இருக்காது. அடுத்தவர் ஸ்டாண்டின் அளவு உங்கள் கேபினுக்கு உதவாது. உங்கள் வண்டியைத்தான் அளக்க வேண்டும்.

முதல் படி: அளவு

கேபின் சேஸி மேல் இருக்கும்போதே அளவெடுங்கள். ஒவ்வொரு மவுண்டுக்கும் இடையே நீளம், அகலம், குறுக்குவாட்டு அளவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முன் மவுண்டும் பின் மவுண்டும் பல வண்டிகளில் ஒரே உயரத்தில் இருக்காது. அந்த வேறுபாட்டைக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூபால் எடுக்கலாம். செலவில்லாத துல்லியம் அது. அடுத்து, இரண்டு கதவுத் திறப்பிலும் மூலைக்கு மூலை அளந்து கேபினின் உள்சுவரில் எழுதி வையுங்கள். பின்னால் தகடு வெட்டி ஒட்டும்போது கேபின் கோணியிருக்கிறதா என்பதைச் சொல்லும் ஒரே சாட்சி இந்த எண்கள்தான். எடையைப் பொறுத்தவரை, நடுத்தர லாரிக் கேபினுக்கு 300 முதல் 600 கிலோ வரை எதிர்பார்க்கலாம். சீட்டு, கண்ணாடி, கதவு, டேஷ்போர்டு எல்லாவற்றையும் கழற்றினால் கணிசமாகக் குறையும். ஆனாலும் திட்டமிடும்போது அதிக எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். எடையைக் குறைத்து மதிப்பிட்டுச் செய்த ஏற்பாட்டை, கேபின் அந்தரத்தில் தொங்கும்போது திருத்த முடியாது.

இரண்டாம் படி: கேபினுக்கு முட்டு

கதவைக் கழற்றுமுன் கதவுத் திறப்பில் 25 மி.மீ ஸ்கொயர் பைப்பால் முட்டுக் கொடுங்கள். குறுக்காக ஒன்று, மூலைக்கு மூலை ஒன்று போதும். இடது தூணிலிருந்து வலது தூணுக்கும் ஒரு பைப் போக வேண்டும். தகடு கனமாக இருக்கும் இடத்தில் வெல்டிங் வைக்கலாம். மரச்சட்டக் கேபினாக இருந்தால் பட்டை வைத்துப் போல்ட் போடுங்கள். கதவைக் கழற்றியபின் முட்டுக் கொடுத்தால், அதற்குள் வந்துவிட்ட கோணலையும் சேர்த்தே பூட்டிவைப்பீர்கள். துருவைக் கண்டதும் தரைத்தகட்டை வெட்டத் துடிக்கும் கைகள் இங்கே பொறுக்க வேண்டும். வெட்டும் வேலையெல்லாம் கேபின் ஸ்டாண்டில் போல்ட் போட்டு உட்கார்ந்த பிறகுதான்.

மூன்றாம் படி: ஸ்டாண்டு

75 மி.மீ சி சேனலில் ஒரு செவ்வகச் சட்டம், மவுண்ட் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தூண், நாலு சக்கரம். வடிவம் இவ்வளவுதான். இதோடு இரண்டு குறுக்குச் சேனல்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். அடுத்த படியில் சொல்லும் இணைப்புகளையெல்லாம் விடுவித்தபின், கேபினை ஜாக்கியால் சில அங்குலம் தூக்கி, மரக்கட்டை வைத்துத் தாங்கி, முன் மவுண்டுகளுக்குக் கீழே ஒரு சேனலையும் பின் மவுண்டுகளுக்குக் கீழே ஒரு சேனலையும் நுழைத்து, மவுண்ட் ஓட்டைகளிலேயே போல்ட் போட வேண்டும். தூக்குவதும் இந்தச் சேனலில், ஸ்டாண்டில் உட்காருவதும் இந்தச் சேனலில். கேபினைத் திரும்ப ஏற்றும் நாள்வரை வேறெங்கும் பாரம் படாது. சக்கரம் 200 மி.மீ விட்டத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு நேர்ச்சக்கரம், இரண்டு பிரேக் உள்ள திரும்பும் சக்கரம். சமமில்லாத தரையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும் என்பதால், மொத்த எடையை நாலாகப் பிரித்துச் சக்கரம் வாங்குவது தவறு. ஒவ்வொன்றும் மொத்தத்தில் பாதியைத் தாங்க வேண்டும்.

ஸ்டாண்டின் அகலத்தில் சிக்கனம் வேண்டாம். கேபினின் எடைமையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்களுக்கு இடையே 120 செ.மீ இருந்தால், ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்தால்தான் கவிழும். அதை 60 செ.மீ ஆகக் குறைத்தால் 17 டிகிரியிலேயே கவிழ்ந்துவிடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி, பின்னாலிருந்து ஆட்கள் தள்ளிக்கொண்டே இருந்தால் 17 டிகிரி எட்டாத தூரமல்ல.

நான்காம் படி: தூக்குதல்

பேட்டரி, எர்த் பட்டை, வயரிங், ஸ்டியரிங், கிளட்ச் பிரேக் இணைப்புகள், ஆக்ஸிலரேட்டர், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் லீவர் எல்லாம் விடுபட்டதா என்று ஒருவர் சரிபார்த்தபின் இன்னொருவர் மறுபடி பாருங்கள். நைலான் பெல்ட்டின் நிறத்துக்குப் பொருள் உண்டு: ஊதா ஒரு டன், பச்சை இரண்டு டன், மஞ்சள் மூன்று டன். லேபிள் போன பெல்ட்டும் ஓரம் வெட்டுப்பட்ட பெல்ட்டும் வேலைக்கு வேண்டாம். பெல்ட்டின் பலத்தைவிட அதன் கோணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 500 கிலோ கேபினை இரண்டு பெல்ட்டால் ஒரே கொக்கியில் மாட்டும்போது, பெல்ட் கிடைமட்டத்தோடு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 290 கிலோ இழுவை; 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் 500 கிலோ. அதைவிட முக்கியம், கேபினை உள்ளே நசுக்கும் விசை 145 கிலோவிலிருந்து 430 கிலோவுக்கு ஏறுகிறது. அந்த விசைதான் கூரையை மடக்குகிறது. எனவே கேபினைவிட அகலமான ஒரு சட்டத்தைக் கொக்கியில் மாட்டி, அதன் நாலு மூலையிலிருந்து பெல்ட்டுகளை நேராகக் கீழே இறக்கிச் சேனல் முனைகளில் மாட்டுங்கள். எடைமையம் சேனலுக்கு மேலே இருப்பதால், கூரை மட்டத்தில் நாலு பெல்ட்டையும் சுற்றி ஒரு கயிறு கட்டினால் கேபின் சாயாது.

செயின் பிளாக்கைத் தென்னை மரத்திலும் கூரைக் கைமரத்திலும் தொங்கவிட வேண்டாம். அவற்றின் பலத்தை யாரும் அளந்து சொன்னதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் கருவியில் பாதுகாப்பான பாரத்தை எழுதி வைக்கவும், தகுதியுள்ளவரைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்கவும் சொன்னது. சிறு பட்டறை அந்தச் சட்டத்துக்குள் வராமல் போயிருக்கலாம். விழும் பாரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. முதலில் இரண்டு விரல் உயரம் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். சுற்றிவந்து, எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதியான பிறகே மேலே போக வேண்டும். இஞ்சினைத் தாண்டும் உயரம் வந்ததும் சேஸியைக் கயிறு கட்டி இழுத்து வெளியேற்றி, ஸ்டாண்டைக் கம்பால் தள்ளி உள்ளே விடுங்கள். தொங்கும் கேபினுக்குக் கீழே கையோ தலையோ ஒரு நொடிகூடப் போகக் கூடாது.

ஐந்தாம் படி: நகர்த்துதல்

போல்ட் போடாத கேபினை ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள். தள்ளும் கை கூரையில் அல்ல, ஸ்டாண்டின் சட்டத்தில் இருக்க வேண்டும். உயரத்தில் தள்ளுவது கவிழ்ப்பதற்குச் சமம். வண்டல் தரை மழைக்குப்பின் சக்கரத்தை விழுங்கும் என்பதால், இரண்டு வரிசைப் பலகை போட்டு அதன்மேல் உருட்டி, பின்னால் வரும் பலகையை முன்னால் மாற்றுங்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தபிறகும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு ஆட்கள் கூடவே நடக்கிறார்களே, அந்த ஒழுங்கு இங்கேயும் வேண்டும். முட்டுக்கட்டை பிடிப்பவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. நிறுத்தச் சொல்லும் குரலும் ஒருவருடையதாகவே இருக்கட்டும்.

ஆறாம் படி: நிறுத்திவைத்தல்

காரைக்காலின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும், புயலும் அப்போதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த வேகத்தில் நாலு சதுர மீட்டர் முகப்பின்மேல் விழும் தள்ளுவிசை சுமார் 200 கிலோ. 400 கிலோ கேபினை 120 செ.மீ அகல ஸ்டாண்டோடுகூடக் கவிழ்க்கும் அளவை அது நெருங்கிவிடும். எனவே மழைக்காலத்தில் சக்கரத்தை நம்பாமல், சட்டத்துக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து, தரையில் பதித்த கொக்கிகளோடு நாலு மூலையையும் கட்டிவிடுங்கள். தகட்டைச் சுரண்டிய அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். உப்புக்காற்றில் வெறும் இரும்பு ஓர் இரவைக்கூடத் தாங்காது. தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினால் உள்ளே வேர்க்கும். அடியில் காற்றோட்டம் விட்டுப் போர்த்துங்கள்.

இவ்வளவுக்கும் வரும் மறுப்புகள் நியாயமானவை என்பதால் பதில் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம் என்பார்கள். 400 கிலோவில் ஆளுக்கு 50 கிலோ என்பது தாளில்தான். ஒருவர் கால் இடறினால் பாரம் இரண்டு பேர் மேல் சாய்கிறது, அவர்கள் பிடித்திருப்பதோ துருப்பிடித்த தகட்டு விளிம்பு. ஹைட்ரா கிரேன் கூப்பிட்டால் போதாதா என்றால், தூக்குவதற்குப் போதும். ஆனால் கிரேன் ஒரு மணி நேரத்தில் போய்விடும். இறக்கிவைக்க இடம் தயாராக இல்லாவிட்டால் அவசரத்தில் டயர்மேல்தான் இறங்கும். டயர் அமுங்கும், ஒரு மூலை இறங்கும், அந்த நிலையிலேயே வெல்டிங் வைத்தால் கோணல் நிரந்தரமாகும். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

செலவு என்ற மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. ஒரு முறை பயன்படப்போகும் ஸ்டாண்டுக்குப் புதுச் சேனல் வாங்குவது வீண்போலத் தோன்றும். நேராக இருக்கும் பழைய சேனல் போதும். தூண்களை வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் அமைத்தால் அடுத்த வண்டிக்கும் மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் இரும்பு இரும்பு விலைக்குப் போகும். மறுபக்கத்தில் கோணிப்போன கேபினின் கணக்கைப் பாருங்கள். கதவு சாத்தாது, கண்ணாடி ரப்பரில் உட்காராது, மவுண்ட் ஓட்டை சேஸியோடு பொருந்தாது. முடித்த பெயிண்டை உடைத்துத்தான் அதைச் சரிசெய்ய முடியும். கேபினைத் திரும்ப ஏற்றும் நாளில் எல்லா மவுண்ட் போல்ட்டும் ஸ்பேனர் இல்லாமல் கைவிரலாலேயே முதல் சில திருகு இறங்க வேண்டும். அதுதான் இந்த வேலைக்கு நான் வைக்கும் பரீட்சை. அதில் தேறுவதா இல்லையா என்பது முதல் போல்ட்டைக் கழற்றுமுன்பே, ஸ்டாண்டைக் கட்டினீர்களா என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.